புதன்கிழமைப் போறணை

பிள்ளைகளுக்குக் கேக் செய்யப் பழக்குகிற தொழிலில் கேக் கடைசியாகத்தான் வரும். அதற்கு முன் சண்டை வரும், அழுகை வரும், மூத்திரம் வரும், சில நாட்களில் அம்மாமாரும் வருவார்கள். ஒரு மாக்கிண்ணத்தை இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்த எவருக்கும் நான் சொல்வது விளங்கும். விளங்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

இருபத்திரண்டு வருடம் ஒரு வெதுப்பகத்தின் பின்னறையில் மாப் பிசைந்து ஓய்வு பெற்றவள் நான். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருக்கிறது. அதில் கேக் வேகவைக்கும் ஒரு பழைய போறணை. பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைப் பின்னேரங்களில் அங்கேதான் என் வகுப்பு. செப்ரெம்பரில் தொடங்குவோம். சந்தைக்கு எது வருகிறதோ அதுதான் பாடம்: அப்பிள், பேர்ஸ் பழம், பூசினிக்காய், பிறகு மரோன் என்கிற கஷ்கொட்டை. இலையுதிர்காலம் எனக்கு ஒத்துவருகிற காலம். பின்னேரத்திலேயே வெளிச்சம் களைத்துப்போய்விடும், என்னைப் போல. ஆனால் போறணை சூடேறும்போது அதன் முன்னால் சின்ன முகங்கள் வரிசையாகக் குந்தியிருக்கும். கவலைப்பட வந்த நான் அதை மறந்துபோய் நிற்பேன்.

இரண்டு பிள்ளைகள் குறைவு

போன இலையுதிர்காலத்தில் என்னிடம் ஆறு பேர் சேர்ந்தார்கள். ஆறும் பெண்கள். இரண்டாவது புதன் அன்றே சங்கத்தின் செயலாளர் வந்து கதவடியில் நின்றார். ஐம்பது வயது மனிதர், கையில் எப்போதும் ஒரு கோப்பு. கணக்கு வகுப்புக்கு இடம் போதவில்லை என்றார். ஒக்டோபர் கடைசியில் பள்ளிக்கூட விடுமுறை தொடங்குவதற்கு முந்திய புதன், எனக்கு எட்டுப் பேராவது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அறை கணக்குக்குப் போகும் என்றார்.

நான் வாதாடவில்லை. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவளுக்கு வாதாடத் தெரியும். ஆனால் வாதத்தில் வென்று ஓர் அறையைப் பெற்றவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் நினைத்தேன். புதன் இல்லாவிட்டால் என் கிழமையில் செவ்வாயும் வியாழனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். அவருக்கு அது விளங்கியதோ என்னவோ, போகும்போது குரலை இறக்கினார்.

"அக்கா, கணக்குக்கு இருபத்தாறு பிள்ளையள் வரிசையில நிக்குதுகள். கேக்குக்கு ஆறு. நீங்கள் படிச்ச மனுசி, நீங்களே சொல்லுங்கோ."

அப்பிள்

மாத்தட்டில் பழத்தை அடுக்கிச் சுடுகிற தார்த்துக்கு மூன்று கிலோ அப்பிள் வாங்கினேன். சந்தை கலைகிற நேரத்தில் கிடைக்கும் அடிபட்ட அப்பிள். சுவையில் குறை இல்லை. தோல் சீவி, புள்ளியை வெட்டி எறிந்து, மெல்லிய துண்டுகளாக நறுக்க வேண்டும். ஆறு பேரும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்கள். அறையில் கத்திகளின் சத்தமும் மென்று விழுங்கும் சத்தமும் மட்டும். எனக்கு அது மழை பெய்வது போல் இனிமையாக இருந்தது. அடுக்குகிற நேரம் பார்த்தால், ஒரு தார்த்தின் கால்வாசியை மூடவும் துண்டு இல்லை. மிச்சத்துக்குச் சீனியைத் தூவி, இது புது வகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் புறநகர் பொபினியிலிருந்து ஒரு தாய் தொலைபேசி எடுத்தா.

"ரீச்சர், இவள் வந்த நேரம் தொட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறாள். அங்கை நீங்கள் படிப்பிக்கிறது சமையலோ, தீனியோ?"

முதல் வெட்டு

பூசினிக்காய் வந்த புதன். சிவந்து, கொழுத்து, மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டு இருந்தது. நான் கத்தியை ஓங்கவும், ஆறு பேரில் இரட்டையர்களாக இருந்த இரண்டு பிள்ளைகளின் தாய் கதவடியிலிருந்து கத்தினா. வன்னியிலிருந்து வந்து இரண்டு வருடம்தான். "ஐயோ அன்ரி, வையுங்கோ! முழுப் பூசினிக்காயில பொம்பிளையள் முதல் வெட்டு வைக்கிறேல்லை. குடும்பத்துக்கு ஆகாது. பிள்ளையளுக்கு முன்னால வேற." இதை நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். அவ கோபித்துக்கொண்டு போனால் இரண்டு பிள்ளைகள் ஒரேயடியாகப் போய்விடும், ஆறு நாலாகும். கத்தியை வைத்தேன்.

ஆனால் ஆணுக்கு எங்கே போவது? மண்டபத்தின் காவலாளிதான் கண்ணில் பட்டார். பிரெஞ்சுக்காரர், உயரமானவர், பேச்சுக் குறைவு. வந்தார், கத்தியை வாங்கினார், ஒரே போடு. தாய் திருப்தியோடு போனா. அடுத்த புதனும் பூசினிக்காய், அடுத்த புதனும் அவர். மூன்றாம் முறை வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு, கூப்பிட முன்னமே வந்து நின்றார். ஏன் தன்னைக் கூப்பிடுகிறோம் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நானாகச் சொல்லத் தொடங்கியபோது கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம் மதாம், காரணம் சொல்லாதீர்கள். வீட்டில் காலைச் சாப்பாட்டுப் பாணை வெட்டக்கூட என் மனைவி என்னை விடுவதில்லை."

நவராத்திரியும் முட்டையும்

நவராத்திரி ஒன்பது நாளும் சில வீடுகளில் முட்டை கிடையாது. எனவே அந்தப் புதன் பேர்ஸ் கேக்கில் முட்டைக்குப் பதிலாகத் தயிர் போட்டேன். வெதுப்பகத்தில் நான் ஒருநாளும் செய்யாத துணிச்சல். கேக் எழும்பவில்லை. போறணைக்குள் போனபடியே வெளியே வந்தது, கொஞ்சம் நிறம் மாறி. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை ஜெனிற்றா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட சாமி முட்டை சாப்பிடமாட்டாவோ?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற எட்டு வயதுக் காவியா சாமிக்காகப் பரிந்துகொண்டு வந்தாள்.

"சாமி சாப்பிடுவா. அம்மாதான் விடமாட்டா."

மரோன்

ஒக்டோபர் தொடக்கத்தில் ஏழாவது பிள்ளை வந்தாள். பெயர் துஷா, ஒன்பது வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில். எபினேயிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர் தகப்பன். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது இனிப்புத் தட்டுகளை அலங்கரிக்கிற இடத்துக்கு உயர்ந்தவர். மத்தியான வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும் வரை மூன்று மணித்தியாலம் இடைவெளி. தாய்க்கு அந்த நேரம் கந்தோர்கள் துப்பரவாக்கும் வேலை. எனவே பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு, அவர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து குளிரில் இருப்பார். உள்ளே வாருங்கள் என்றால், "பறவாயில்லை அன்ரி, பிள்ளையளுக்கு இடைஞ்சல்" என்பார்.

அவரிடம் மரோன் பாடம் பற்றிச் சொல்லியிருந்தேன். அடுத்த புதன் ஒரு பை நிறையக் கொட்டைகளோடு வந்தார். காலையில் வேலைக்குப் போகிற வழியில் பூங்காவில் பொறுக்கியவை. மினுமினுவென்று, எண்ணெய் பூசிய குதிரையின் முதுகு போல அழகானவை. ஒன்றை எடுத்துப் பார்த்ததும் பையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் தூக்கினேன். நுனியில் சின்ன வால் இருந்தால் தின்கிற மரோன். இவையோ மொட்டை உருண்டைகள், வயிற்றைக் கலக்கும் நஞ்சு. அதன் பிரெஞ்சுப் பெயரில் இந்தியா இருக்கிறது. அதற்காக எங்கள் வயிறு அதைத் தாங்காது. நல்ல காலம், ஒருவரும் வாயில் வைக்கவில்லை. பையைக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, சந்தையில் வாங்கிய நல்ல கொட்டைகளை எடுத்தேன். சிலுவைக் கீறல் போட்டு அவித்துச் சூட்டோடு உரிக்கக் காட்டினேன். அவர் கதவில் சாய்ந்தபடி, முகம் சிவந்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த உணவகத்தில் மரோன் களியைப் பூப்போலப் பிழிவது அவருடைய கைதான் என்று முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்.

"ஏழு வருசமா தகரப் பேணியை வெட்டித்தான் அன்ரி நான் மரோன் பாக்கிறன். அதுக்குத் தோலும் வாலும் இருக்கெண்டு இண்டைக்குத்தான் கண்டன்."

கடைசிப் புதன்

விடுமுறைக்கு முந்திய புதன் மழையோடு வந்தது. நான் எட்டாவது பிள்ளைக்காக அறிந்தவர் தெரிந்தவர் எல்லோரையும் கேட்டுவிட்டேன். ஓல்னேயிலிருந்து ஒரு தாய் வருவதாகச் சொல்லி, கடைசியில் மகனைக் கணக்குக்கே சேர்த்துவிட்டா. ஏழு சமையல் மேலங்கிகளை எடுத்துக் கொழுவினேன். அப்பிள், பேர்ஸ், மிச்சமிருந்த பூசினிக்காய் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அடுத்த கிழமைக்கு வைக்க வேண்டிய தேவை இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், இன்னும் ஒரு பிள்ளை வராவிட்டால் இதுதான் கடைசிக் கேக் என்று பிரெஞ்சில் சுருக்கமாகச் சொன்னேன். காவியா கணக்கு வகுப்பில் தின்னத் தருவார்களா என்று கேட்டாள்.

மூன்றரைக்குச் செயலாளர் கோப்போடு வந்தார். தலைகளை விரலால் எண்ணினார். ஏழு. இரண்டாம் தடவையும் எண்ணினார். அந்த மனிதருக்கும் மனம் வரவில்லை என்று அப்போதுதான் கண்டேன். அந்த நேரம் துஷா கதிரையை விட்டு இறங்கி மழைக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது தகப்பனைக் குளிர்ச்சட்டைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். செயலாளருக்கு முன்னால் அவரை நிறுத்தி, "இவரும்தான்" என்று பிரெஞ்சில் சொன்னாள். தகப்பன் நனைந்த தலையோடு முழித்தார். விசயத்தை நான்தான் இரண்டு வசனத்தில் சொன்னேன்.

"தம்பி, இது பிள்ளையளின்ர வகுப்பு," என்றார் செயலாளர்.

"ஓம் அண்ணை, தெரியும்." தகப்பன் தரையைப் பார்த்தபடி கதைத்தார். "நான் வேலையால வீட்டை போகேக்கை இவள் நித்திரை. இவள் பள்ளிக்கூடம் போகேக்கை நான் நித்திரை. இஞ்சை இந்தக் கதவுக்கு வெளியால இருந்து சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறன். உள்ளுக்கை இருந்தால் என்ன? எழுதுங்கோ."

செயலாளர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பெயர், விலாசம், பிறந்த திகதி. வயதெல்லை என்று ஒரு வரியும் அதில் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். எழுதி முடித்து, தனக்கும் ஒரு துண்டு கேக் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளின் மேலங்கி தகப்பனின் இடுப்பில் பாதிக்குத்தான் எட்டியது. அவர் ஓர் அப்பிளை எடுத்தார். கத்தி தெரியவில்லை, சத்தம் மட்டும்; ஒரு நிமிடத்தில் நாலு அப்பிள் கடதாசி போல் மெலிந்து கிடந்தன. பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். ஐந்தாவதை எடுக்கப்போன அந்தக் கையைத் துஷா பிடித்துக்கொண்டு, என் முன்னால் முதல் தடவையாகத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, மெல்ல வெட்டுங்கோ. இஞ்சை ஒருத்தரும் எங்களைக் கலைச்சுக்கொண்டு வரேல்லை."

இப்போது என் வகுப்பில் எட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கு நாற்பத்தொரு வயது, மேசை துடைக்கும் நேரம் பார்த்து மறைந்துபோவதில் மற்ற ஏழு பேரும் அவரிடம்தான் பாடம் கற்கிறார்கள்.