ரிஜெக்‌ஷன் ஆன ஐந்து குடல் துண்டுகள்

குதிரையின் சிறுகுடலை வெட்டி மறுபடி இணைக்கும்போது ஒரே அடுக்காகத் தைப்பதா, இரண்டு அடுக்காகத் தைப்பதா என்பதுதான் என் முதுநிலை ஆய்வு. ஒற்றை அடுக்கில் வேலை சீக்கிரம் முடியும், குடலின் உள்வழி அதிகம் குறுகாது. இரட்டை அடுக்குக்கு நேரம் பிடிக்கும், உள்வழியும் இறுகும், ஆனால் எளிதில் ஒழுகாது என்பார்கள். என்பார்கள் என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது. இரண்டையும் தைத்து, உள்ளே நீரை ஏற்றி, எந்த அழுத்தத்தில் ஒழுகுகிறது என்று எழுதிவிட்டால் தெரிந்துவிடப் போகிறது.

அதற்கு, குடல் நோயில்லாமல் வேறு காரணத்தால் இறந்த குதிரையின் நல்ல குடல் வேண்டும், அதுவும் இறந்த சில மணி நேரத்துக்குள். கல்லூரிக்கும் குதிரைகளுக்கும் அரை நாள் பயண தூரம். ஓசூரில் எங்கள் வீட்டிலிருந்து இராயக்கோட்டை சாலையில் ஒரு குதிரைப் பண்ணை உண்டு. அதனால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். தினமும் காலையில் பண்ணை மேற்பார்வையாளருக்குப் போன் செய்வேன். அவர் வீட்டில் தெலுங்கு, குதிரைகளிடம் கன்னடம், என்னிடம் தமிழ். “எல்லாம் நல்லா இருக்குதுங்க மேடம்” என்பார். நானும் சந்தோஷம் என்பேன். இப்படிப் பதினோரு வாரம்.

பன்னிரண்டாம் வாரம் ஒரு குதிரை கால் முறிந்து விழுந்தது. சரிசெய்ய முடியாத முறிவு என்று, வலியில்லாமல் உயிர் போக பண்ணையின் மருத்துவர் ஊசி போட்டார். தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டியும் உப்புநீருமாகக் குடலை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினேன். சானமாவு அருகே யானைகள் சாலையைக் கடக்கின்றன என்று வனத்துறையினர் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். முக்கால் மணி நேரம் பனிக்கட்டி உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைப்பதையும் சோதிப்பதையும் ஒரே ஆள் செய்தால் முடிப்பதற்குள் குடல் கெட்டுப்போகும். அதனால் அண்ணனைக் கேட்டிருந்தேன். அவன் தொழிற்பேட்டையில் ரேடியேட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒழுகல் சோதிக்கும் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறான். பழைய ரத்த அழுத்தக் கருவியின் முள்வட்டத்தைக் கழற்றி, குழாயும் கைப்பம்பும் நீலச் சாயம் கலந்த நீருமாக ஒரு நல்ல கருவியை அவனே செய்து கொடுத்தான்.

அவனுக்காக ஒரு பட்டியல் எழுதி, கொல்லையில் துவைக்கும் கல்லுக்கு மேல் சுவரில் ஒட்டினேன். ஒரு முனையைக் கட்டு. மறுமுனையைக் குழாயில் மாட்டு. மெல்ல அழுத்தம் ஏற்று. குறைந்தபட்சம் இந்த அளவைத் தாங்க வேண்டும். முடிவைக் குறித்துக்கொள். நான்காவது வரி, உயிருள்ள குடலுக்குள் எவ்வளவு அழுத்தம் வரலாம் என்பதை அவன் தெரிந்துகொள்ளட்டும் என்று சும்மா எழுதியது.

முன்னறையில் மேசைவிளக்கு போட்டுத் தைத்தேன். ஆறு ஒற்றை, ஆறு இரட்டை. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பிளாஸ்டிக் அட்டை. முடிந்ததை அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டில் கொல்லைக்கு எடுத்துப் போனாள்.

“இந்த வீட்டுல இனி கறி எடுக்கறதா இருந்தா என்கிட்ட சொல்லிராதீங்க” என்றாள்.

பன்னிரண்டாவதையும் அனுப்பிவிட்டு, கருவிகளைக் கழுவி வைத்து, நானும் கொல்லைக்குப் போனேன். அண்ணன் திருப்தியோடு நோட்டை நீட்டினான். ஏழு எண்களுக்கு எதிரே ‘ஓகே’ என்று இருந்தது. ஐந்து எண்களுக்கு எதிரே ஒன்றுமில்லை.

“மிச்சம் அஞ்சு?”

“ரிஜெக்‌ஷன்” என்று சிவப்பு வாளியைக் காட்டினான். “லிமிட் வரதுக்குள்ளயே ஒழுகிருச்சு.”

“எந்த அளவுல ஒழுகுச்சு?”

“ஃபெயிலானதுக்கு எதுக்கு ரீடிங்? எங்க லைன்ல அத எழுதினா வேற வேலையில்லியான்னு கேப்பாங்க.”

வாளிக்குள் பார்த்தேன். ஐந்தும் தையலின் குறுக்கே கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தன. எண் அட்டைகளையும் கழற்றிவிட்டிருந்தான். கழித்த பாகம் தப்பித்தவறி நல்லதோடு கலந்து வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக அவர்கள் கம்பெனியில் அதை உடனே சிதைத்துவிடுவார்கள்.

“அண்ணா, எனக்கு வேண்டியதே ஒழுகினதோட ரீடிங்தான்.”

“தாங்க வேண்டும்னு நீதானே எழுதி ஒட்டியிருக்க, டாக்டரம்மா. தாங்கல. கழிச்சேன்.”

சுவரைப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒழுகும்வரை ஏற்று, ஒழுகிய அளவை எழுது என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதிய பட்டியல். அவனைத் திட்டக்கூட வழியில்லாததுதான் பெரிய எரிச்சல்.

ஓகே ஆன ஏழையும் மறுபடி மாட்டி, ஒழுகும்வரை ஏற்றி எழுதிக்கொண்டோம். அதற்குள் அவன் முகமும் வாடிவிட்டது. வெட்டிய ஐந்தையும் விரித்து, நோட்டில் காலியாக இருந்த எண்களோடு ஒப்பிட்டு, எது ஒற்றை, எது இரட்டை என்று பிரித்தேன். மூன்று ஒற்றை, இரண்டு இரட்டை. அதற்கு மேல் அவற்றிடமிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

மறுநாள் என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

“அஞ்சும் லிமிட்டுக்குக் கீழதானேம்மா? தோராயமா ஒரு நம்பர் போட்டுக்கோ. யாரு வந்து பாக்கப்போறா?”

“எந்த நம்பர் போடறதுங்க சார்?”

“நீதான் தைச்ச. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. கொஞ்சம் கீழே ஒழுகியதற்கும் வெகு கீழே ஒழுகியதற்கும் இடையில்தான் என் ஆய்வே இருந்தது. ஒரு நாள் முழுக்க, அட்டவணையில் காலியாக இருந்த அந்த ஐந்து கட்டங்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பென்சிலால்கூட எதையும் எழுத மனம் வரவில்லை. இரண்டு குதிரைகளின் குடலைக் கலந்து ஒப்பிட முடியாது என்பதால், இன்னொரு குதிரையில் பன்னிரண்டையும் புதிதாகத் தைப்பது என்று முடிவு செய்தேன். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

மறுபடி தினமும் காலையில் போன். மூன்றாம் வாரம் மேற்பார்வையாளரே கூப்பிட்டார்.

“மேடம், வயசான குதிர ஒண்ணு ரெண்டு நாளா எந்திரிக்கல. நாளைக்குள்ள முடிஞ்சிருமுங்க. ரெடியா இருங்க.”

நூல் எடுத்து வைத்தேன். பனிக்கட்டிக்குச் சொல்லிவைத்தேன். பட்டியலைப் புதிதாக எழுதி அண்ணனை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அவன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தான். அடுத்த நாள் மதியம்வரை போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

“எந்திரிச்சிருச்சுங்க மேடம்” என்றார். குரலில் அப்படி ஒரு சிரிப்பு. “கொள்ளு தின்னுது. நாங்களே நம்பல.”

கால்நடை மருத்துவம் படித்தவள் நான். ஒரு குதிரை பிழைத்ததற்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நல்லதுங்க” என்றேன்.

அன்று மாலை, ஆறு மாத நீட்டிப்புக் கேட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘குதிரை இறக்கவில்லை’ என்று எழுதிவிட்டு, படித்துப் பார்த்து, தாளைக் கிழித்துப்போட்டேன். வேறு தாளில் ‘மாதிரி கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.