பல்காரர் தேய்த்த ஃபேரிங்

தெருவில் எல்லோரும் அவரைப் பல்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் பிடுங்குவது அவர் வேலையல்ல. மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்து தருவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கைவேலை. ஒருவர் வாயையும் அவர் நேரில் பார்த்ததில்லை. 'பதறாத காரியம் சிதறாது' என்று மூச்சுக்கு மூச்சு சொல்வார். ஆனாலும் சொன்ன நாளில் செட் போய்ச் சேர்ந்துவிடும்.

மனைவி அவருக்கு நேர்மாறு. லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போன் அவளுக்குத்தான் வரும். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவாள். அப்படிப் போன ஒருநாள், வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. அவளுக்குத் தோளருகே காறை எலும்பு முறிந்தது. வண்டிக்கு வலப்பக்கத்து ஃபேரிங், அதாவது இன்ஜினைப் பக்கவாட்டில் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் மூடி, குறுக்காக விரிசல் விட்டது. எலும்பு கூடிவிட்டது. ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவள் எப்போது ஏறி உட்காருவோம் என்று துடித்துக்கொண்டிருந்தாள். மூடிதான் பாக்கி.

"கடையில குடுத்துடலாங்க," என்றாள்.

"கடைக்காரன் பசையை அப்பிக் குடுத்துடுவான். பிளாஸ்டிக் வேலை எனக்குத் தெரியாததா? நானே செய்யறேன்."

செய்தார். அதில் குறை சொல்ல முடியாது. மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் பொடித் துளை போட்டார். முன்பக்கம் டேப் ஒட்டி இரண்டு விளிம்பையும் இம்மி பிசகாமல் சேர்த்தார். பல் செட்டுக்கு வளைக்கிற கம்பியைச் சின்னச் சின்னதாக வெட்டி, சூட்டுக்கோலால் பின்பக்கத்தில் தையல் போட்டதுபோல் இறக்கினார். முன்பக்கம் விரிசல் நெடுக வாய்க்கால் கீறி, அதே ரகப் பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்பினார். முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தார், முனகக்கூட இல்லை. லேசாகத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் மாட்டிவிடலாம்.

மாட்டவில்லை. விரல் வைத்தால் மேடு தெரிகிறது என்று உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தார். பிறகு பள்ளம் தெரிந்தது; பூச்சு வைத்துத் திரும்பவும் தேய்த்தார். பெயிண்ட் அடித்தார். நிறம் ஒத்துப்போகவில்லை என்று அதையும் சுரண்டினார். மனைவியின் தம்பி வந்து பார்த்துவிட்டு, "மச்சான், இது எதையும் கடிக்கப் போறதில்ல, விடுங்க," என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவளோ பஸ்ஸில் அலைந்தாள். அவள் வந்து சேரும்வரை ஜனங்கள் லிஃப்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். இப்படியே போனால் அவசர வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பல்காரர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்பது அந்த வீட்டுச் சுவருக்கே தெரியும். அவர் மட்டும், வேலை சுத்தமாக இருக்க வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் அவள் உள்ளே போனில் பேசுவது காதில் விழுந்தது. "நாளையில இருந்து வண்டியிலயே வந்துடுவேன் சார்." அவர் முரட்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். விரல் நுனி சுட்டபோதுதான் குனிந்து பார்த்தார். மூடியில் ஓட்டை. அதுவும் விரிசலிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடிபடாத நல்ல இடத்தில். இத்தனை வருஷத்தில் ஒரு பல்லைக்கூட அவர் அப்படித் தேய்த்துத் தொலைத்ததில்லை.

அவள் வந்து மூடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"விரிசல் இங்க இருக்கு. அங்க எதுக்குங்க தேய்ச்சீங்க?"

பழமொழி எதுவும் வாயில் வரவில்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாங்க," என்றார். "உன் பேரைச் சொல்லி, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. சீக்கிரம் வாங்கன்னு வச்சுட்டாங்க. உயிரோட இருக்கியான்னு கூடத் தெரியாம அவ்வளவு தூரம் வந்தேன்."

அவள் மூடியை மேஜைமேல் வைத்தாள்.

"இது இல்லாமலும் வண்டி ஓடுங்க. லிஃப்டையே பிரிச்சு மாட்டறவ, எனக்கு இது தெரியாதா?"

"அப்புறம் ஏன் பஸ்ல அலைஞ்ச?"

"நீங்க தேய்ச்சு முடிக்கட்டும்னுதான்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இவளைப் போய்ப் பிடித்து வைக்கப் பார்த்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் அவள் போன் அடித்தது. ஏதோ கட்டடத்தில் யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சாவியை எடுத்தாள். அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனார். வலப்பக்கம் மூடியில்லாமல் இன்ஜின் வெளியே தெரிந்தது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அவள் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினாள்.

"எனக்கும்தான்," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.