கரும்பலகையில் எழுதிய சக்கரம்

கிரேக்க நாட்டின் சீரோஸ் தீவுப் பள்ளியில் உயிரியல் நடத்திய எவாந்தியாவுக்கும் தலைமையாசிரியர் புரோத்ரொமோஸுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அன்று அவள் மாதவிலக்குப் பாடத்துக்காகக் கரும்பலகையில் 'கீக்லோஸ்' என்று எழுதியிருந்தாள். பழைய கிரேக்கம் படித்த அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"அது நம்ம முன்னோர் தேர்ச்சக்கரத்துக்கு வச்ச பேரு. அதப் போயி இந்த அசிங்கத்துக்கா எழுதுறீங்க?"

"சுத்தி வர்றதுக்கெல்லாம் அதே பேருதான் ஐயா. மழைத்தண்ணிக்கும் அதான், ரத்தத்துக்கும் அதான். இந்த அசிங்கம் இல்லன்னா நீங்களே பொறந்திருக்க மாட்டீங்க."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். முகம் சிவக்க அவர் அந்தச் சொல்லை அழித்தார். அவர் கண்ணெதிரிலேயே அவள் அதை இன்னும் பெரிதாக எழுதினாள்.

மேலிடத்தில் புகார் சொல்லி, அவளை வேறு தீவுக்கு மாற்றவைத்தார். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாக ஆள்விட்டும் சொன்னார். எவாந்தியா பெட்டியைக் கட்டினாள்.