யாரும் பார்க்காதபோது கட்டிய துணி

தொண்ணூறுகளின் நடுவில் வடக்கே பிளேக் பரவுகிறது என்று செய்தி வந்தது. எங்கள் பக்கம் யாருக்கும் வரவில்லை. ஆனாலும் ராஜபாளையத்தில் எல்லாரும் மூக்கையும் வாயையும் துணியால் மூடவேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எத்தனை பேர் மூடுகிறார்கள் என்று பார்க்கத் தற்காலிக வேலைக்கு என்னை எடுத்தார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போவேன். எங்கள் ஊரில் அந்த உத்தரவு இல்லை. ராஜபாளையம் நெருங்கும்போதுதான் பஸ்ஸில் எல்லாரும் துணியைத் தேடுவார்கள்.

முதல் நாள் சுகாதார ஆய்வாளரோடு மில் தொழிலாளர்கள் இருந்த ஒரு தெருவுக்குப் போனேன். துண்டு, முந்தானை, தாவணி என்று எல்லார் முகத்திலும் துணி. ஒருவர் தலையணை உறையைக் கட்டியிருந்தார். ஆய்வாளருக்கு ஒரே சந்தோஷம். மறந்துவிட்ட குடையை எடுக்க நான் திரும்பிப் போனால், ஒரு முகத்திலும் துணி இல்லை.

“சார், நம்மளப் பாத்துத்தான் கட்டுதாங்க.”

அவர் சிரித்துவிட்டார். “அப்பம் நாளைக்கு நீ மட்டும் போம்மா. காய் வாங்கப் போற மாதிரி போ.”

மறுநாள் கூடையோடு போனேன். கட்டியிருந்தவர்களைத் தேடவேண்டியிருந்தது. கடைசி வீட்டின் கதவு திறந்திருந்தது. அடுப்படியில் ஒரு அக்கா மூக்கையும் வாயையும் இறுக்கக் கட்டிக்கொண்டு அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்குள்ள எதுக்குக்கா?” என்றேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “எங்க வீட்டுக்காரவியளுக்கு நெஞ்சு சரியில்லம்மா. மில்லுல பஞ்சுத் தூசியில கெடந்த ஒடம்பு. நான் கடைக்கு, கொழாய்க்குன்னு நாலு பேரோட பேசிட்டு வாரேன். எங்கிட்டருந்து எதுவும் ஒட்டிறக் கூடாதுல்ல.”

உள்ளே இருமல் கேட்டது. அந்த இருமலுக்குப் பயந்து அக்கம்பக்கத்தார் வருவதையே நிறுத்தியிருந்தார்கள்.

“செத்த நேரம் சன்னல்கிட்ட நின்னு அவியகிட்டப் பேசிட்டுப் போறியா?” என்று கேட்டாள்.

சன்னலுக்குள் கட்டிலில் மெலிந்த மனிதர் ஒருவர் இருந்தார். என் ஊரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “கல்யாணமான புதுசுல உங்கூருப் பக்கம் மலைமேல இருக்க திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு இவளக் கூட்டிட்டு வந்தேன். படியேறும்போது இவ செருப்பு அறுந்துபோச்சு.”

“அறுந்தது உங்க செருப்பு,” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அலுவலகத்தில் ஆய்வாளரிடம் கேட்டேன்: “தெருவுல நிக்கவங்களத்தான பாக்கச் சொன்னீங்க. அந்த அக்காவ எதுல சார் சேக்க?”

“கட்டுனவங்கள்ல சேத்துரும்மா. யாரும் பாக்காதப்பவும் கட்டுறவள விட்டுட்டு வேற யாரச் சேக்க?” என்றவர், “அந்த வீட்டுக்குத் தினமும் போயிட்டு வா,” என்றார்.

தினமும் போனேன். துணி கட்டியபடியே சன்னலில் நின்று பேசினேன்.

பயம் அடங்கியது. உத்தரவு போனது, என் வேலையும் முடிந்தது. சொல்லிவிட்டு வரலாம் என்று துணியில்லாமல் போய் நின்றேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“யாரும்மா? என்ன வேணும்?”

“நாந்தான் அண்ணாச்சி.”

“ஏட்டி, இங்க வா! நம்ம வில்லிபுத்தூர்ப் பிள்ள வந்திருக்கு. துணியோட பாத்து வயசான பொம்பளைன்னுல்லா நெனச்சேன்!”

அக்கா ஓடி வந்தாள். அவள் முகத்தையும் அன்றுதான் பார்த்தேன். கன்னத்தில் துணி கட்டிய தடம் இன்னும் மறையவில்லை.

“இவளும் நேத்துதான் மூஞ்சித் துணிய அவுத்தா,” என்றார். “இவ சிரிக்கதப் பாத்து எம்புட்டு நாளாச்சு!”

“போதும்,” என்று சொல்லிவிட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது வரை சிவந்திருந்தது. பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டாள்.