கோணல் தேக்கு

கோட்டுச்சேரி சாலையோரத்து மர மில்லில் தங்கப்பன்தான் பெரிய மிஷினில் நிற்பவர். கட்டையை டிராலியில் ஏற்றி, சுழலும் வாளுக்கு எதிரே தள்ளிப் பலகையாக அறுத்தெடுப்பது அவர் வேலை. எந்த மரத்தை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டால் சேதாரம் குறையும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தேடி வந்து அவரிடமே அறுக்கக் கொடுப்பவர்கள் பூவம் கிராமம் வரைக்கும் உண்டு.

அவர் மகள் கவியா, போலகத்துக் கலைவாணனை விரும்பிக் கட்டிக்கொண்டவள். பையன் வீட்டாருக்கு அதில் இஷ்டமில்லை. பேத்தி பிறந்த பிறகுதான் இரு வீட்டுக்கும் பேச்சு வந்தது. ஆனாலும் கலைவாணனின் அப்பா தெட்சிணாமூர்த்தி, தங்கப்பனை "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் டிராக்டரோடு மில்லுக்கே வந்து இறங்கினார். கூடவே அவர் மனைவி சொர்ணாம்பாளும் வந்திருந்தார். டிரெய்லரில் ஒரு தேக்குக் கட்டை கிடந்தது. நல்ல பருமன். நடுவில் மட்டும் முழங்கையை மடக்கியது போல ஒரு வளைவு.

"சம்பந்தி, கொல்லையில வாய்க்கா ஓரம் நின்ன மரம். புது வீட்டுக்கு வாசல் நிலை செய்யலாம்னு வெட்டினோம். வேற ஒரு மில்லுல கேட்டா, கோணல் மரம், நீளம் வராதுன்னுட்டான். நம்ம சம்பந்தி இருக்கறப்ப ஊரான்கிட்ட என்ன பேச்சுன்னு கொண்டாந்துட்டேன். ஏழடி நிலை வருமா?"

சம்பந்தி என்ற சொல்லை மில்லில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். தங்கப்பனுக்குக் காது சூடேறியது. கட்டையைச் சுற்றி வந்து பார்த்தார். அந்த இன்னொரு மில்காரன் சொன்னது சரிதான். வளைவிலேயே குறுக்கே ஒரு வெட்டுப் போட்டால் ஏறக்குறைய நேரான இரண்டு துண்டுகள் கிடைக்கும். கதவுப் பலகைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அருமையாக வரும். நிலைக்கு மட்டும் வராது. முழு நீளத்தில் அறுத்தால் வாள் நேராகப் போகும். உள்ளேயிருக்கும் உறுதியான வைரம் மரத்தோடு வளைந்து போகும். பலகையின் நடுவில் வைரமும் இரண்டு முனையிலும் வலுவில்லாத வெள்ளை மரமுமாக, எதற்கும் ஆகாமல் போகும்.

"வரும் சம்பந்தி, ஏன் வராது?" என்றார்.

வாளுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த ஜவஹர் அலி, அதே மில்லில் சின்ன மிஷின் ஓட்டுபவர், தலையைத் தூக்கினார். "அண்ணே, அந்த வளைவுல குறுக்க ஒண்ணு போட்டுட்டு..."

"எனக்குத் தெரியும் பாய்."

முதல் பலகை விழுந்ததுமே தங்கப்பன் நினைத்தபடி ஆகிவிட்டது. முனைகள் வெளேரென்று இருந்தன. டிராலியை விட்டு எடுத்ததும் பலகை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு எழும்பியது. அப்போது நிறுத்தியிருந்தால்கூட பெரும்பாலும் தப்பியிருக்கும். நிறுத்தியிருக்கலாம். ஆனால் சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். தங்கப்பன் இரண்டாவது அறுப்புக்குத் தள்ளினார். பிறகு மூன்றாவது. கட்டை முடிந்தபோது தரையில் கிடந்ததில் பாதிக்கு மேல் அடுப்புக்குத்தான் ஆகும்.

"என்ன சம்பந்தி இப்படி ஆயிட்டு?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"மரம் சரியில்லைங்க. வைரம் பாயல. வாய்க்கா ஓரத்துத் தண்ணி மரம் இப்படித்தான்."

சொல்லும்போது அலியின் பக்கம் பார்க்காமல் இருக்கக் கழுத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கவியா குழந்தையோடு வந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அப்பா, அந்த மரம் நெசமாவே சரியில்லையா?"

"ஏம்மா கேக்குற?"

"வீட்டுல மாமா அத்தையப் போட்டு வாட்டுறாங்க. அது அத்தை நட்டு வச்ச மரக்கன்னாம். வாய்க்கா ஓரம் வேணாம்னு மாமா அப்பவே சொன்னாங்களாம். இவ பேச்சக் கேட்டு இத்தனை வருஷம் எடத்த அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, வெறும் வெறகுன்னு சோத்துல கை வைக்கறப்பல்லாம் சொல்றாங்க. அத்தை வாயே தொறக்கல."

தங்கப்பன் பேத்தியை மடியிலிருந்து இறக்கிவிட்டார். "மரம் நல்ல மரம்மா. நாந்தான் கெடுத்தேன்" என்றார். கவியா அவரையே பார்த்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று மாலையே போலகத்துக்குப் போனார். தெட்சிணாமூர்த்தி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்கப்பன் உட்காரவில்லை.

"சம்பந்தியம்மா வச்ச மரத்துல ஒரு குறையும் இல்லைங்க. நிலைக்கு நீளம் வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க அத்தனை பேர் முன்னாடி சம்பந்தின்னு கூப்பிட்டீங்க. வராதுன்னு சொல்ல வாய் வரல. கெட்டுப்போவுதுன்னு பாதியில கண்ணால பாத்தும் நிறுத்தல. அப்பறம் பழிய மரத்து மேல போட்டுட்டேன்."

தெட்சிணாமூர்த்தி பேப்பரை மடித்து வைக்க நேரம் எடுத்துக்கொண்டார். அவர் எதுவும் சொல்வதற்குள் உள்ளேயிருந்து சொர்ணாம்பாள் வந்தார்.

"அதே மரத்தோட மேல் துண்டு கொல்லையில கெடக்கு. அதுவும் கோணல்தான். அது ஆவுமா?"

"ஆவும்மா. நல்லா வரும். ஆனா நான் அறுக்கல. அலி பாய்கிட்ட சொல்றேன். அவரு அறுக்கட்டும்."

அந்த வாரமே மேல் துண்டு மில்லுக்கு வந்தது. அலி வளைவின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்தார். குறுக்கே வெட்டி இரண்டாக்கினார். ஒவ்வொரு துண்டையும் உருட்டி உருட்டிப் பார்த்து டிராலியில் வைத்தார். தங்கப்பன் எதிர்முனையில் நின்று பலகையை வாங்கினார். அது புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நிற்கும் இடம். பொன்னும் பழுப்புமாக, முனைக்கு முனை வைரத்தோடு, பலகைகள் அவர் கையில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலை இன்னும் தாழ்ந்தது.

தெட்சிணாமூர்த்தி ஒரு பலகையைத் தடவிப் பார்த்தார். "பாய், மொதக் கட்டையும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

அலி மிஷினை நிறுத்தப் போனார்.

"இதைவிட நல்லா இருந்திருக்குங்க. அது அடிமரம்" என்றார் தங்கப்பன்.

நிலைக்கு வெளியில் மரம் வாங்கினார்கள். தேக்கு ஜன்னல்களுக்குப் போதுமானதாக இருந்தது. கிரகப்பிரவேசத்தன்று வந்த உறவுக்காரர் ஒருவர் ஜன்னலைப் பார்த்து அசந்துபோனார். "சம்பந்தி கைவேலையா?" என்று பந்தியில் உட்கார்ந்திருந்த தங்கப்பன் முன்னாலேயே கேட்டார்.

"இல்லண்ணே, அவங்க மில்லுல அலி பாய்னு ஒருத்தர் அறுத்தது" என்றார் சொர்ணாம்பாள். குத்திக்காட்டும் குரல் இல்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

"ஆமாங்க, அவர்தான்" என்றார் தங்கப்பன். அந்த உறவுக்காரர் நகரும்வரை இலையில் இருந்த கேசரியை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.