நாலு நொடி லாரியைப் பார்க்க எந்த வரிசையில் உட்காருவது?

ஒரு படத்துக்காகப் பரமத்தி வேலூரிலிருந்து சேலத்துக்கு எழுபது கிலோமீட்டர் போவார்களா என்று கேட்பீர்கள். போன மாதம் போனோம். அந்தப் படத்தில் என் வீட்டுக்காரர் வருகிறார். நடிகர் எல்லாம் இல்லை, லாரி டிரைவர். வடக்கே ஒரு மலைப்பாதையில் படப்பிடிப்புக்கு அவருடைய லாரியை வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். "இடைவேளை முடிஞ்சதும் வரும். திரையில இடது ஓரம், நாலே நொடி. கண்ணை எடுத்துறாத" என்று போனில் சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் படத்தைத் தூக்கிவிட்டார்கள். சேலத்தில் ஒரே தியேட்டரில் காலை பதினொரு மணிக் காட்சி, அதுவும் அன்றோடு சரி.

கூட வந்தவர் என் மாமனார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மகனாவது ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று படிக்க வைத்தார், மகன் அதையேதான் பிடித்தார். அந்தக் கோபத்தில் ஆறு வருடமாக மகனுடைய வண்டியில் மாமா ஏறியதில்லை, மகன் ஓட்டுவதைப் பார்த்ததும் இல்லை. ஆனால் சேலம் போகலாமா என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார்.

காலை ஏழே முக்காலுக்கு பஸ், ஆளுக்கு எழுபத்தைந்து ரூபாய். பத்து மணிக்கெல்லாம் புது பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து பதினைந்து நிமிட நடை.

நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மாமா டிக்கெட் எடுத்துவிட்டார். முதல் வரிசை, அறுபது ரூபாய். "முன்னாடி உக்காந்தாத்தான் சாமி, நல்லாத் தெரியும்" என்றார். என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். பஸ்ஸோ லாரியோ, முன் சீட்டுக்கு மேல் ஒன்றில்லை என்று வாழ்ந்த மனிதர். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய?

படம் ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. லாரியை ஒட்டி நின்றுகொண்டு லாரியைப் பார்ப்பது மாதிரி இருந்தது. வலது ஓரம் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் இடது ஓரத்தில் ஒரு சண்டையே முடிந்திருந்தது. இங்கிருந்து நாலு நொடியைப் பிடிக்க முடியாது.

இடைவேளையில், டிக்கெட் கிழிக்கும் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை அக்கறை அந்த மனிதருக்கு. எங்களை உள்ளே கூட்டிப்போய்த் தானே ஒவ்வொரு வரிசையாக உட்கார்ந்து காட்டினார். "பால்கனி நூத்தித் தொண்ணூறு, அது வேணாம்மா. பால்கனிக்குக் கீழ இருக்கிற வரிசைல திரையோட மேல்பக்கம் மறைக்கும். அதுக்கு ரெண்டு வரிசை முன்னால, நடுப்பாதை ஓரமா உக்காருங்க. முன்னால ஆள் தலை இருக்காது, ரெண்டு ஓரமும் ஒரே பார்வைல தெரியும்." அது நூற்று முப்பது ரூபாய் டிக்கெட்.

மாமா அசையவில்லை. "ஏனுங்க பாய், காசு சேத்திக் குடுத்துப் பின்னால போறதுங்களா?"

"ஐயா, இது பஸ் இல்ல. உங்க பையன் ஓட்டுறாரு, நீங்க தள்ளி நின்னு பாக்கணும்."

மாமா கூடுதல் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து பாதை ஓரத்தில் உட்கார்ந்தார்.

வந்தது. மலை வளைவு, ஹீரோவின் கார் பறக்கிறது, எதிரே இடது ஓரத்தில் எங்கள் லாரி. கண்ணாடிக்குப் பின்னால் சட்டை தெரிந்தது, முகம் தெரியவில்லை. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. லாரி ஒதுங்கியதும் மெதுவாகக் காலை எடுத்தார்.

"சைடு அளவாக் குடுத்தான்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தத் தியேட்டருக்கு நீங்கள் போனால் காட்சிக்கு அரை மணி முன்னதாகப் போங்கள். கூட்டம் குறைவான வார நாள் நல்லது. வரிசை எண்ணைப் பார்த்து எடுக்காமல், பால்கனி எங்கே முடிகிறது என்று கேட்டு எடுங்கள். கேட்க வேண்டிய ஆள் டிக்கெட் கிழிப்பவர்.

திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டு சீட் காலியாக இருந்தன. மாமா அதைத் தாண்டி வந்து நடுவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாமக்கல் தாண்டியதும் சொன்னார்: "அடுத்த லோடுக்கு நானும் வாரேன்னு சொல்லு சாமி. முன் சீட்டுல சாமான் எதையும் போட்டு வெக்க வேண்டாம்னு சொல்லு."