கிணத்தம்மாவின் பெயரைத் தேடி ஒரு நாள்

மார்கழி இரண்டாவது வாரம், காலை ஆறே முக்கால். சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதே கோபமாகத்தான் கிளம்பினேன். முந்தின நாள் வந்த தொலைபேசிதான் காரணம். பேசியவர் என் பெரியப்பா மகன் ராசு அண்ணன். ஆட்டையாம்பட்டியைத் தாண்டிப் புங்கங்காட்டில், எங்கள் பூர்வீக நிலத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

அந்த நிலத்துக் கிணற்று மேட்டில் எங்கள் குடும்பத்துத் தெய்வம் ஒரு கல்லாக நிற்கிறாள். பெயர் கிணத்தம்மா. என் தாத்தாவின் அப்பா ராமசாமியைப் பெற்றவள். புருஷன் செத்த துக்கம் தாளாமல், ஏழு வயது ராமசாமியை விட்டுவிட்டு அந்தக் கிணற்றில் விழுந்து தெய்வமானாள் என்பது கதை. கல்லில் ‘பார்த்திப வருஷம் தை மாதம்’ என்று மட்டும் வெட்டியிருக்கிறது. ஆங்கிலக் கணக்குக்கு 1886. வருகிற தையில் அவளுக்குக் கான்கிரீட்டில் கோயில் கட்டிக் கும்பாபிஷேகம். கல்வெட்டில் போட அவள் வரலாற்றைப் பத்து வரியில் நான் எழுதித்தர வேண்டுமாம்.

“நீதான் அம்மிணி, பேங்க்குல முப்பத்தஞ்சு வருசம் எழுதிப் பழகினவ,” என்றார் அண்ணன்.

“சரிங்கண்ணா. அவங்க பேரு என்னங்க?”

“கிணத்தம்மாதான்.”

“அது சாமி பேருங்க. பெத்தவங்க வெச்ச பேரு?”

“அது யாருக்கு அம்மிணி தெரியும்?”

எங்கள் குடும்பத்து ஆண்கள் பெயரை ஒன்பது தலைமுறைக்கு மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். வருஷா வருஷம் சேலை சாத்திக் கும்பிடுகிற பொம்பளையின் பெயரைக் கேட்டால் யாருக்குத் தெரியும் என்கிறார்கள். பெயர் கிடைக்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏழே முக்காலுக்குப் பழைய பேருந்து நிலையத்தில் ஆட்டையாம்பட்டி டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் வெறும் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். பனி விலகாத சாலை. வழியெல்லாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்குகிற காலம், ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற டிராக்டர்களின் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஆட்டையாம்பட்டியில் அண்ணன் வீட்டுக்காக அறுபது ரூபாய்க்கு ஒரு பொட்டலம் கைமுறுக்கு வாங்கினேன். அங்கிருந்து புங்கங்காடு நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

ஒன்பதரைக்கு அண்ணன் வீடு. எனக்குப் பெயர் தேட ஒரே இடம்தான் தெரியும்: நிலத்தின் மூலப்பத்திரம். வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் ஆயிரம் பத்திரக் கட்டுகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போடுவோம். அதற்கு முந்தைய தாள்களை யாரும் பிரிப்பதில்லை. நானும் பிரித்ததில்லை. அந்தச் சோம்பேறித்தனத்தை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது.

“இருவது தடவ பேங்க்குக்குப் போயிட்டு வந்த கட்டு அம்மிணி. எல்லாம் சரியாத்தான் இருக்குது,” என்று சொல்லிக்கொண்டே அண்ணன் பீரோவிலிருந்து ரெக்சின் பையை எடுத்து வைத்தார்.

அடியில் கிடந்தது அந்தப் பழைய தாள். மடிப்பில் விட்டுப்போயிருந்தது. புள்ளி இல்லாத எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தேன். பதவுரை சொல்லாமல் அப்படியே தருகிறேன்:

‘ஹேவிளம்பி வருஷம் ஆவணி மாதம். புங்கங்காட்டிலிருந்த காலஞ்சென்ற முத்துக்கவுண்டன் பெண்சாதியும், தற்காலம் மேலவலசில் குடியிருந்து சுயமாய்ப் பண்ணையம் பார்த்து ஜீவித்துவருகிறவளுமாகிய பாவாயி, என் குமாரன் ராமசாமிக்கு எழுதிக்கொடுத்த தானசெட்டில்மெண்டுப் பத்திரம். என் தகப்பனார் எனக்குச் சீதனமாய்க் கொடுத்த நிலம் மூன்று ஏக்கர் நாற்பது சென்டையும் அதிலுள்ள கிணற்றையும், நீ மேஜரானபடியால் உனக்குக் கொடுத்துவிட்டேன்.’

பாவாயி. பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் பார்த்திபத்துக்கும் ஹேவிளம்பிக்கும், அதாவது 1886க்கும் 1897க்கும், நடுவே பதினோரு வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. விரலை மடக்கி மூன்று முறை எண்ணினேன். செத்துத் தெய்வமாகிப் பதினோரு வருஷம் கழித்து, அவள் பதிவு அலுவலகத்துக்கு வந்து, தான் விழுந்து செத்ததாகச் சொல்லப்பட்ட கிணற்றையே மகனுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாள்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பதிவு அதிகாரியின் குறிப்பு. ‘பாவாயி கீறல்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில், கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே, இவள்தான் பாவாயி என்று நேரில் அடையாளம் சொன்னவரின் கையெழுத்து: ‘ராமசாமி, மேற்படியாள் குமாரன்.’

ஏழு வயதில் அம்மா சாமியாகிவிட்டாள் என்று அவனுக்குச் சித்தப்பன்மார் சொல்லியிருக்கலாம், குழந்தை, நம்பியிருப்பான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். பதினெட்டு வயதில் அம்மா பக்கத்தில் நின்று, இவள்தான் என் தாய் என்று கையெழுத்துப் போட்டு, நிலத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். வந்து, அடுத்த தையில் அதே கல்லுக்குப் பொங்கல் வைத்தான். சாகும்வரை வைத்தான். என் தாத்தாவுக்கும் சொல்லிக்கொடுத்தான். வெட்கங்கெட்ட மனிதன். என் ரத்தம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

நான் சத்தமாகப் படித்ததைக் கேட்டு, அண்ணன் மனைவி ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்து நின்றார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்போம்.

“அப்படின்னா அந்தம்மா சாகலீங்களா?” என்றார்.

“சாகலீங்க நங்கையா. மேலவலசுல பண்ணையம் பாத்துட்டு இருந்திருக்காங்க.”

அண்ணன் தாளைப் பார்க்கவே இல்லை. “பேருதான வேணும்னு வந்த? பேரு கெடச்சுது. அதோட உடு. எவங்கூடப் போனாளோ என்னமோ.”

“பத்திரத்துல எவனும் இல்லீங்கண்ணா. சுயமாய்ப் பண்ணையம்னு எழுதியிருக்குது. நீங்களே படிங்க.”

“சாமிய ஓடிப்போனவன்னு கல்லுல வெட்ட முடியுமா? ஊருல ஒருத்தன் மதிப்பானா?”

ஒரு பொம்பளை உயிரோடு இருந்தால் மதிப்பு போய்விடும், செத்தால் கோபுரம் கட்டலாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சங்கடம்கூட இல்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மேலவலசைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன். ஊருக்குள் வாடகைக் கார் ஒன்று இருந்தது. போய்வர எண்ணூறு ரூபாய் கேட்டார் ஓட்டுநர். பன்னிரண்டே காலுக்கு ஏறி உட்கார்ந்தபோது, நங்கையா சேலையை மாற்றிக்கொண்டு வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார்.

“நானும் வாரேன் அம்மிணி.”

அண்ணன் வாசலில் நின்று என்னமோ சொன்னார். கார் கிளம்பிவிட்டது.

நாமக்கல் பக்கம் போகிற சாலை. இருபுறமும் கோழிப்பண்ணைகள், கண்ணாடியை ஏற்றினாலும் வாடை வந்தது. முட்டை லாரி ஒன்று எங்களை முந்திப் போனது. நங்கையா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“முப்பத்தெட்டு வருசம் அம்மிணி. தை மாசம் பூராம் வெரதம். கால்ல செருப்பில்லாம அந்தக் கெணத்த சுத்தியிருக்கறன். வந்த புதுசுல சண்ட போட்டுட்டுப் பொறந்தூட்டுக்குக் கிளம்புனா, எம் மாமியா அந்தக் கல்லுகிட்டக் கூட்டிட்டுப் போயி நிறுத்துவாங்க. இந்த ஊட்டுப் பொம்பள படி தாண்ட மாட்டா, கெணத்துலதான் விழுவான்னு சொல்லுவாங்க. நானும் பயந்து திரும்பி வந்துருவேன். தாண்டிப் போனவளக் காட்டியே என்னையத் தடுத்திருக்கறாங்க பாருங்க.”

என் கோபம் நேற்றுப் பிறந்தது. அவருடையது முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்டுக்கொண்டு நின்ற கோபம்.

“மீட்டர்ல எவ்வளவுங்க காட்டுது?” என்று ஊர் எல்லையில் கேட்டேன்.

“பதினாலு கிலோமீட்டருங்க,” என்றார் ஓட்டுநர்.

பதினான்கு. விடியலில் நடந்தால் வெயில் ஏறுமுன் வந்துவிடலாம். பதினான்கு கிலோமீட்டர் தள்ளி அவள் களை வெட்டிக்கொண்டிருந்தாள். புங்கங்காட்டில் அவளுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேலவலசில் முப்பது வீடு இருக்கும். பால் சொசைட்டியில் இருந்த ஒரு பெண்மணியிடம் விசாரித்தோம். “பாவாயின்னு எங்கூர்ல அஞ்சாறு பேரு இருந்தாங்களுங்க. எந்தப் பாவாயிய நீங்க கேக்கறீங்க?” என்றார். கல் இல்லை, மேடு இல்லை. செம்மண்ணில் குச்சிக்கிழங்கு நெஞ்சளவு நின்றது. அவள் எங்கே எப்போது செத்தாள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் தெய்வமாக்காததால், இங்கே அவள் மற்றவர்களைப் போல வாழ்ந்து முடிந்திருக்கிறாள். எனக்கு அது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

அங்கே நின்றபடியே அண்ணனுக்கு என் வரிகளைத் தொலைபேசியில் படித்தேன். பத்து வரி இல்லை, மூன்றுதான். ‘பாவாயி. இந்த நிலமும் கிணறும் இவருடையவை. மேலவலசில் தனியே வாழ்ந்து, மகனுக்கு இவற்றை எழுதிக்கொடுத்தார்.’

“இதெல்லாம் வேண்டாம் அம்மிணி. கட்டிக் குடுத்த புள்ள நீ, இதுல தலையிடாத. பழைய கதையவே வேற ஆளு வெச்சு எழுதிக்கறன்,” என்று சொல்லி வைத்துவிட்டார். கல் அவர் கையில் இருக்கிறது. என் கையில் காகிதம்தான். ஆகவே இங்கே எழுதிவிட்டேன்.

இரண்டரைக்குத் திரும்பினோம். நான்கு கிலோமீட்டர் வந்ததும் ஒரு பிரிவு. நங்கையா முன்னால் குனிந்து ஓட்டுநரின் தோளைத் தட்டினார். “சாமி, இடது பக்கம் திருப்புங்க. ஆறு மைல்ல எம் பொறந்தூடு.”

கார் திரும்பியது. கொஞ்ச தூரத்தில் அவர் கைப்பேசி அடித்தது. அண்ணன் சத்தம் எனக்கே கேட்டது. எங்கே இருக்கிறாய், இருட்டுவதற்குள் வருவாயா, என்ன ஆயிற்று உனக்கு.

நங்கையா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“உசுரோடதான் இருக்கறனுங்க,” என்று சொல்லிவிட்டு அணைத்தார்.